நாலு எல்லை

விழுப்புரம் மாவட்டத்தில் பிரம்மதேசம் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது. இன்னொன்று விழுப்புரத்துக்கு வடக்கே, எண்ணாயிரத்தை ஒட்டி. நான் நில அளவராகச் சேர்ந்த மூன்றாவது வருடம், ஒரு உட்பிரிவு மனுவை எடுத்துக்கொண்டு போய் இறங்கியது தவறான பிரம்மதேசத்தில். மனுவின் மேல் ஊர்ப் பெயர் இருந்தது. வட்டத்தின் பெயர் இல்லை. அப்போது இரண்டு ஊரும் தென்னாற்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-இல். ஒவ்வொரு கிராமத்திலும் புல எண் ஒன்றிலிருந்துதான் தொடங்கும் என்பதால், மனுவில் இருந்த எண் அங்கேயும் இருந்தது. பட்டாதாரர் பெயரும் ஒத்துப்போயிற்று. தாத்தா பெயர் பேரனுக்கு வருவதும், ஒரே குலசாமியின் பெயரை ஊரில் பத்துப் பேர் வைத்திருப்பதும் நம் பக்கத்தில் வழக்கம்.

செயினைப் பிரித்து முதல் கல்லிலிருந்து இழுத்துவிட்டோம். மல்லாட்டை பிடுங்கி முடித்த கொல்லை அது. பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாங்க சார், யாரு அளக்கச் சொன்னது?"

மனுதாரர் பெயரைச் சொன்னேன்.

"அவரு படுத்த படுக்கையா கெடந்து, மாசி மாசமே பூட்டாரே. மனு எப்ப குடுத்தாரு?"

மனுவில் இருந்த தேதி போன வாரத்துடையது. செயினைச் சுருட்டச் சொன்னேன். அளக்கப் போகும் முன் பக்கத்துப் பட்டாதாரர்களுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நான் கொடுக்கவில்லை. அந்த அம்மாளுக்கு அன்று வேறு வேலை இருந்திருந்தால், யாரோ ஒரு குடும்பத்தின் நிலத்தை நடுவில் வெட்டி இரண்டு கல் நட்டு, அதற்கு ஒரு உட்பிரிவு எண்ணும் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். பிறகு அந்தக் கோட்டை அழிக்க அவர்கள் எத்தனை வருடம் அலைய வேண்டியிருக்கும் என்பது, என் வேலைக்காலம் முழுதும் அப்படி அலைந்தவர்களைப் பார்த்தவன் என்பதால், எனக்குத் தெரியும். அதன் பிறகு, 2022-இல் ஓய்வு பெறும் வரை, நான் பக்கத்து நிலத்துக்காரர் வராமல் செயினைப் பிரித்ததில்லை.

பிரம்மதேசம் என்ற பெயரே ஒரு நிலப் பதிவுதான். வேதம் படித்தவர்களுக்கு விட்ட நிலம் பிரம்மதேயம், அதுதான் தேசமாகியிருக்கிறது. எண்ணாயிரத்துப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அங்கே இருந்த பெரிய பாடசாலையின் கணக்கைச் சொல்கிறது: 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள், அவர்களுக்கென ஒதுக்கிய நிலம் 45 வேலி. இராசராசன் தன் நாட்டை உலகளந்த கோலால் அளக்கச் செய்தது 1001-ஆம் ஆண்டு வாக்கில். இதையெல்லாம் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு ஒன்று. பல்லவர், சோழர் காலத்துச் செப்பேடுகளில் ஒரு ஊரையோ நிலத்தையோ கொடுக்கும்போது, அரசன் ஆணை வந்ததும் அந்த நாட்டார் ஒன்றுகூடி, எல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, பிறகு ஓலை எழுதிக் கொடுக்கிறார்கள். சில செப்பேடுகளில் ஒரு பெண் யானையையும் எல்லை நெடுக நடத்திக்கொண்டு போகிறார்கள். யானை போன வழியை ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள் அல்லவா. ஓலை அழிந்தாலும் அந்த நடையைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். அதன் பிறகுதான் கிழக்கே இன்னார் நிலம், தெற்கே இந்த வாய்க்கால், மேற்கே இந்தப் பெருவழி, வடக்கே இந்த ஏரிக்கரை என்று நான்கு எல்லையும் எழுதப்படுகின்றன. இன்றும் பதிவு அலுவலகத்தில் எழுதுகிற கிரயப் பத்திரத்தில் அந்த நாலு எல்லை இருக்கிறது. பட்டாவில் இல்லை. பட்டாவில் இருப்பது பெயர், புல எண், உட்பிரிவு, பரப்பு, தீர்வை. இதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்களுக்குப் பயிற்சி ஒரத்தநாட்டில். செயின் என்பது 66 அடி நீளம், அதில் 100 லிங்க். பத்துச் சதுர செயின் ஒரு ஏக்கர். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். பிரிட்டிஷார் காலத்துக் கணக்கு இது, மெட்ரிக் வந்த பிறகும் பழைய புலப்படங்களைப் படிக்க இது தெரிந்தே ஆக வேண்டும். புலத்தை முதலில் பெரிய முக்கோணங்களாகப் பிரிப்போம். முக்கோணத்தின் பக்கமாக ஓடும் நேர்கோட்டை ஜி-லைன் என்போம். அந்தக் கோட்டின் மேல் நடந்துகொண்டே, வரப்பு எங்கெங்கே வளைகிறதோ அங்கெல்லாம் கிராஸ் ஸ்டாஃபை நட்டு, செங்குத்தாக எத்தனை லிங்க் விலகியிருக்கிறது என்று எடுத்து எழுதுவோம். வரப்பை அளப்பதில்லை, வரப்பு நேர்கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைத்தான் அளக்கிறோம். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இப்போதும் நினைவிருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் நடந்து எழுதிய எண்களை வைத்துக்கொண்டு, அழிந்துபோன வரப்பை அதே இடத்தில் திரும்ப நிறுத்திக் காட்டலாம். அதற்கு இரண்டு மூன்று பழைய கல் அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதுதான் கிடைக்காது. டிராக்டர் வந்த பிறகு எத்தனையோ கல் கலப்பையில் சிக்கிப் பெயர்ந்து போயிற்று. துணி துவைக்கும் கல்லாக, வாசற்படியாக, மாட்டுக் கொட்டகையில் முளைக்குப் பதிலாக நான் சர்வே கல்லைப் பார்த்திருக்கிறேன். எங்கே கல் இருந்தது என்று கேட்டால் வயதானவர்கள் மரத்தைச் சொல்வார்கள். "அந்த ஒத்தப் பனைக்கு கெழக்கால, காலால எட்டு வச்சா ஏழு." மரக்காணம் பக்கம் பனை நிறைய. பனையை வெட்டியிருந்தாலும் அதன் அடிவேர்த் தடம் மண்ணில் தெரியும். மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டினால் கல்லின் தலை தட்டுப்படும். கிழவர்கள் சொன்ன இடம் பெரும்பாலும் தப்பியதில்லை.

நான் வேலைக்கு வந்தது, நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் முடியும் தறுவாயில். ஊரில் அதை யு.டி.ஆர். என்றுதான் சொல்வார்கள். 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்தது. தமிழ்நாடு முழுதும் கிராமம் கிராமமாக, யார் எந்த நிலத்தை வைத்திருக்கிறார் என்று பார்த்து, ஏக்கர் சென்ட்டை ஹெக்டேர் ஏராக மாற்றி, புதிய அ-பதிவேடு, புதிய சிட்டா, புதிய பட்டா. அதற்கு நடுவே, 1980 நவம்பரில், பரம்பரைக் கர்ணமும் மணியமும் ஒழிக்கப்பட்டு, அரசு நியமிக்கும் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். கணக்குப்பிள்ளையின் வீட்டுப் பரணில் இருந்த கணக்கு அரசு அலுவலகத்துக்கு வந்தது பெரிய நியாயம். அந்தப் பரணுக்குக் கீழே நின்று கைகட்டிக் காத்திருந்த சாதிகளுக்கு அது எத்தனை பெரிய விடுதலை என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால், எந்தக் கல் எங்கே என்ற ஞாபகமும் அவரோடு போய்விட்டது. புதிதாக வந்தவர்களுக்கு ஊரே தெரியாது. அவசரம் வேறு. அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் வீட்டில் இருந்தார் என்றால் மூத்தவர் பெயர் மட்டும் ஏறிற்று. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மாமன் பெயர். எங்கள் பக்கத்து ஊர்கள் காணிக் கணக்கில் பேசும். நூறு குழி ஒரு காணி, ஏக்கரில் 1.32. காணியை ஏக்கராக்கி, ஏக்கரை ஹெக்டேராக்கும்போது இடையில் எத்தனையோ சென்ட் நழுவிற்று. அந்தத் திட்டத்தின் பிழைகளைத் திருத்த இன்றுவரை மனு வந்துகொண்டிருக்கிறது. திட்டம் தவறு என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் ஏழை ஒருவருக்கு வங்கியில் பயிர்க் கடனே கிடைத்திருக்காது. எழுதியதை எழுதப்பட்டவர்களிடம் படித்துக் காட்டாமல் முடித்ததுதான் தவறு.

பிறகு கணினி வந்தது. 1990-களின் பிற்பகுதியில் எங்கள் பக்கத்தில் சிட்டாவையும் அ-பதிவேட்டையும் தட்டச்சு செய்யத் தொடங்கினார்கள். இரவும் பகலுமாக, கூலிக்கு வந்த பிள்ளைகள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கையெழுத்துப் பதிவேட்டின் மடிந்துபோன ஓரத்தில் இருக்கும் எண்ணைப் படிக்க எனக்கே கண்ணாடி வேண்டியிருந்தது. பரப்பை 0.40.50 என்று எழுதுவோம்: ஹெக்டேர் சுழி, ஏர் நாற்பது, சதுர மீட்டர் ஐம்பது. ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஒரு ஊரின் சரிபார்ப்பு நகலைப் புரட்டும்போது ஒரு வரியில் 0.04.05 என்று பார்த்தேன். புள்ளி இருக்கிறது, இலக்கங்களும் இருக்கின்றன, வரிசை மட்டும் ஒரு இடம் தள்ளிப்போயிற்று. ஒரு ஏக்கர் பத்து சென்டாகிவிட்டது. புல எண்ணின் மொத்தப் பரப்போடு உட்பிரிவுகளைக் கூட்டிப் பார்த்தால் இந்தப் பிழை தெரியும். கூட்டிப் பார்க்க யாருக்கும் நேரம் தரப்படவில்லை. மாதத்துக்கு இத்தனை கிராமம் முடித்தாக வேண்டும்.

அந்தக் கிராமத்தின் நிர்வாக அலுவலரும் நானும் ஒத்த வயது. இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். நகலை அலுவலகத்தில் வைத்துத் திருத்துவதில்லை, ஊரில் வைத்துப் படிப்பது. அப்படிச் செய்யச் சொல்லி எந்த உத்தரவும் இல்லை. செய்யாதே என்ற உத்தரவும் இல்லை. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மாலை ஐந்து மணிக்கு மேல், கூலி வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு உட்கார்வோம். ஒரு நாளைக்கு இருபது முப்பது புலம்தான். புல எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் யாருக்கும் எந்த நிலம் என்று தெரியாது. ஆகவே கிராம உதவியாளர் முதலில் அந்த இடத்தின் பெயரைச் சொல்வார்: பாறைக்கழனி, வண்ணான் கொல்லை, மதகடி, புளியந்தோப்பு. பிறகு நான் பெயரையும் பரப்பையும் காணிக் கணக்கில் மாற்றிப் படிப்பேன். படித்து முடித்ததும் அந்த நிலத்துக்காரரைவிடப் பக்கத்து நிலத்துக்காரர்தான் முதலில் பேசுவார். "ஏம்பா, உனக்கு அவ்ளோ ஏது? வாய்க்காலு எங்க போச்சு?" அந்தக் குரலுக்காகத்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

முதல் இரண்டு நாள் ஆண்கள் மட்டும் வந்தார்கள், அதுவும் ஊர்த்தெருவிலிருந்து. காலனியிலிருந்து யாரும் வரவில்லை. பள்ளிக்கூடம் ஊர்த்தெருவுக்குள் இருந்தது. எந்தத் தடையும் இல்லை என்று ஊரார் சொன்னார்கள், ஆனாலும் வரவில்லை. மூன்றாம் நாள் இடத்தைக் காலனிக்கும் ஊர்த்தெருவுக்கும் நடுவில் இருந்த களத்துக்கு மாற்றினோம். அன்று வந்த ஒரு பெரியவர், நான் படித்து முடிக்கும் வரை ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, எழுந்து நின்று கேட்டார்.

"ஐயா, எங்க நைனா காலத்துல அந்த நெலத்துக்கு நேரா கடைசியில ஒரு எழுத்து இருக்கும்னு சொல்வாரு. அது இருக்குதா?"

புரட்டினேன். கணினி நகலில் குறிப்புக் கலம் காலியாக இருந்தது. மறுநாள் பழைய அ-பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த வரியின் கடைசியில் சிவப்பு மையில், ஒடுக்கப்பட்டோருக்கு நிபந்தனையோடு கொடுத்த நிலம் என்பதற்கான ஆங்கிலச் சுருக்க எழுத்து இரண்டு இருந்தது. பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் எழுதிய அறிக்கையின் மேல் 1892-இல் அரசு எடுத்த முடிவு அது. விற்றாலும் அதே மக்களுக்குள்தான் விற்க முடியும் என்பது நிபந்தனை. அந்த இரண்டு எழுத்து தட்டச்சில் விடுபட்டால் நிபந்தனை போயிற்று. நிபந்தனை போனால் நாளை அந்த நிலம் யார் பெயருக்கும் மாறலாம், யாரும் கேட்க முடியாது. அந்த ஒரு கிராமத்தில் அப்படி ஒன்பது வரிகளைக் கண்டுபிடித்தோம். எல்லாவற்றையும் கண்டுபிடித்தது அவர்கள்தான். நாங்கள் பதிவேட்டைத் திறந்து காட்டினோம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதர், தன் தகப்பன் சொன்ன வாய்வார்த்தையை அறுபது வருடம் பத்திரமாக வைத்திருந்தார். நான் பார்த்த ஆவணக் காப்பகங்களிலேயே மிகச் சிறந்தது அது.

ஊருக்குச் சொல்வதற்கு அந்தக் காலத்தில் தண்டோரா போடச் சொல்வார்கள். யாரைப் போடச் சொல்வார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். காலனிப் பெரியவர்களை வரவழைக்க, காலனிப் பையன் கழுத்திலேயே பறையைத் தொங்கவிட்டு அனுப்புவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கிராம உதவியாளர் அதற்கு ஒரு வழி கண்டார்: கோயில் ஒலிபெருக்கியில் மாலையில் பாட்டு முடிந்ததும் சொல்வது, காலனியில் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியிலும் அதையே சொல்வது. தண்டோராவைத் தடைசெய்து அரசு உத்தரவு வந்தது 2022-இல்.

பெண்களைக் கொண்டுவருவது அதைவிடக் கடினமாக இருந்தது. தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று சட்டம் திருத்தப்பட்டது; நாடு முழுமைக்கும் வந்தது 2005-இல். சட்டம் எங்கள் பதிவேட்டுக்குள் வருவதற்குப் பல தலைமுறை ஆகும்போல இருந்தது. தகப்பன் இறந்தால் வாரிசுச் சான்றிதழில் மகள்கள் பெயர் இருக்கும், பட்டா மாறுதல் மனுவில் இருக்காது. கேட்டால், "அவங்களுக்கு நகை போட்டாச்சி, சீர் செஞ்சாச்சி" என்பார்கள். களத்தில் படித்தபோது ஒரு வரியில் மூன்று சகோதரர்கள் பெயர் வந்தது. பக்கத்துக் கொல்லைக்கார மூதாட்டி, "மூணு பசங்களோட ஒரு பொண்ணும் பொறந்தாளே, அவ பேரு எங்க? அவதானே கடைசி வரைக்கும் ஆத்தாளுக்குக் கஞ்சி ஊத்தினா?" என்று கேட்டுவிட்டார். களம் அமைதியாயிற்று. அவளுடைய தம்பிகள் மூவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அலுவலர் இதைக் கேட்டிருந்தால் சண்டையாகியிருக்கும். ஊர் அறிந்த கிழவி கேட்டதால், மூத்தவர் தலையைக் குனிந்துகொண்டு, "எழுதிக்குங்க சார்" என்றார். எல்லா வீட்டிலும் இப்படி நடக்கவில்லை. இரண்டு வீட்டில் சண்டை வந்தது. ஒன்று நீதிமன்றம் வரை போயிற்று. அதற்காக என்மேல் புகார் மனுவும் போனது. படித்திருக்கக் கூடாது என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. பதிவேட்டில் மறைந்திருந்த சண்டை வெளியே வந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு காரியமும் அதில் நடந்தது. நில அளவர் என்றால் கையூட்டு என்று மக்கள் நினைப்பது காரணமில்லாமல் இல்லை. வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எண் எதுவென்று ஒருவருக்கும் தெரியாமல் இருப்பதால்தான் அதற்கு விலை. ஊர் முழுக்கக் கேட்ட எண்ணை யாரும் தனியாக விற்க முடியாது.

நத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடியிருக்கும் இடத்தை அந்தக் காலத்து அளவையில் ஒரே புல எண்ணாக, உள்ளே கோடே போடாமல் விட்டுவிட்டார்கள். வரி வருகிற நிலத்தை அளப்பதுதான் அவர்கள் அக்கறை. அதனால் வீட்டு மனைக்குப் பட்டா என்பதே பல தலைமுறைக்கு இல்லை. பிறகு நத்தம் நிலவரித் திட்டத்தில் வீடு வீடாக அளந்து தோராயப் பட்டா, தூய பட்டா என்று கொடுத்தோம். வீட்டுக்குள் நுழைந்து அளப்பது வயலில் அளப்பதுபோல் அல்ல. சந்தில் இரண்டு சுவருக்கு நடுவே இருக்கும் ஒன்றரை அடி யாருடையது என்பதில் ஒரு ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்தேன். அந்தச் சந்தில் யார் வீட்டுக் கூரைத் தண்ணீர் விழுகிறது என்பதுதான் ஊர் வழக்கம் சொல்லும் அளவு. 2020 ஏப்ரலில் மத்திய அரசு ஸ்வாமித்வா திட்டத்தை அறிவித்து, குடியிருப்புகளை டிரோனால் படமெடுக்கத் தொடங்கியது. டிரோன் கூரையைத் துல்லியமாகக் காட்டுகிறது. கூரைத் தண்ணீர் யார் பக்கம் விழலாம் என்ற உடன்பாட்டை அதனால் காட்ட முடியாது. அதற்குக் கீழே நின்று இரண்டு வீட்டாரிடமும் கேட்க ஒரு ஆள் வேண்டும்.

புதிய கருவிகளுக்கு நான் எதிரி அல்ல. 2008-இல் தேசிய நில ஆவண நவீனமயத் திட்டம் வந்து, பின்னால் டிஜிட்டல் இந்தியா என்ற பெயரோடு சேர்ந்தது. டோட்டல் ஸ்டேஷனும் ஜி.பி.எஸ். கருவியும் கைக்கு வந்தபோது, மூன்று நாள் வேலையை அரை நாளில் முடித்தேன். தமிழ் நிலம் மென்பொருள் வந்த பிறகு, பட்டாவையும் புலப்படத்தையும் ஒருவர் துபாயில் உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் பார்க்கிறார். பத்திரம் பதிந்ததும் பட்டா மாறுதலுக்கான மனு தானாகவே நகர்கிறது. வட்ட அலுவலக வாசலில் கால் கடுக்க நின்ற ஒரு தலைமுறைக்கு இது எளிய காரியம் அல்ல. ஆனால் திரையில் இருப்பது பழைய பதிவேட்டின் பிரதி. பதிவேடு சரியென்றால் பிழையும் குறைவு. பதிவேடு தவறென்றால் தவறு இன்னும் வேகமாக, இன்னும் அழகான எழுத்தில் வருகிறது.

ருவாண்டாவில் இதை வேறு மாதிரி செய்தார்கள் என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டேன். அன்றிலிருந்து எங்கே அதைப்பற்றி எழுதியிருந்தாலும் படித்துவிடுவேன். இனப் படுகொலை நடந்து, லட்சக்கணக்கானோர் ஊர்விட்டுப் போய்த் திரும்பி வந்து, யார் நிலம் யாருடையது என்று தெரியாமல் கிடந்த நாடு. 2009-இலிருந்து சில ஆண்டுகளுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட நிலத் துண்டுகளுக்கு எல்லை வரைந்து முடித்தார்கள். வானிலிருந்து எடுத்த படத்தைப் பெரிய தாளில் அச்சடித்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே குறுகிய பயிற்சி கொடுத்தார்கள். நிலத்துக்காரரும் நான்கு பக்கத்துக்காரர்களும் சேர்ந்து எல்லையை நடந்து வர, அந்தப் பிள்ளை பேனாவால் படத்தின் மேல் கோடு போட்டது. ஒத்துவராத எல்லையைத் தனியே தகராறுப் பதிவேட்டில் எழுதினார்கள். கணவன் மனைவி இருவர் பெயரும் ஏறிற்று. எங்கள் களத்துமேட்டில் நடந்ததை ஒரு நாடே செய்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது. அதே கட்டுரைகளில் இன்னொன்றும் இருந்தது: ஒருமுறை பதிந்த பிறகு, விற்றதையும் பங்கு பிரித்ததையும் அங்கேயும் பலர் பதியாமலே விடுகிறார்கள். செலவும் தூரமும் காரணம். நல்ல பதிவேடு சில வருடத்திலேயே பழையதாகிவிடும்.

இதற்கு நம்மிடம் ஏற்கனவே ஒரு ஏற்பாடு இருக்கிறது, அதன் பெயர் ஜமாபந்தி. வருடா வருடம், ஜூலை முதல் தேதி புதிய பசலி பிறப்பதற்கு முன்னால், கிராமக் கணக்குகளை எல்லாம் வட்ட அலுவலகத்துக்குக் கொண்டுவந்து சரிபார்த்துக் கையெழுத்திடுவார்கள். மக்கள் மனுவோடு வருவார்கள். கணக்கு ஊரைவிட்டு வட்டத்துக்குப் போகிறது; அதுதான் என் மனக்குறை. கிராம சபை கூடும் ஆகஸ்ட் 15-இலோ அக்டோபர் 2-இலோ, அந்த வருடம் மாறிய பட்டாக்களை மட்டுமாவது ஊர் கேட்கப் படித்தால் போதும். ஒரு ஊரில் வருடத்துக்கு நாற்பது ஐம்பது வரிதான் இருக்கும். அரை மணி நேரம். நான் பணியில் இருந்த கடைசி எட்டு வருடம், என் குறுவட்டத்தில் முடிந்த ஊர்களில் இதைச் செய்தோம். ஒரு ஊரிலும் அந்த அரை மணி நேரம் வீணாகவில்லை.

களத்தில் பெயர் விடுபட்டிருந்த அந்த மகளுக்குத் தனிப் பட்டா வர நான்கு வருடம் ஆயிற்று. பாகப் பத்திரம், உட்பிரிவு, அளவு, கல். அவர் பங்குக்கு வந்தது 0.16.50, நாற்பது சென்டுக்குச் சற்று மேல். பட்டாவை எடுத்துக்கொண்டு நானே போனேன். மதியம் இரண்டு மணி, கொல்லையில் மல்லாட்டைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். படிக்கத் தெரியாது. "படிங்க சார்" என்றார். படித்தேன். பெயர், தகப்பனார் பெயர், புல எண், உட்பிரிவு, பரப்பு, தீர்வை.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதாம்மா."

"நாலு எல்ல எங்க? பத்தரத்துல இருக்குமே. எனக்குக் கெழக்க யாரு, மேற்க யாரு, ஒண்ணும் காணமே. இது எந்த எடம்னு எப்படித் தெரியும்?"

புலப்படத்தைக் காட்டினேன். கோடுகளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதில் இருந்தவை எண்கள். நான் பட்டாவைத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதத் தொடங்கினேன். அவர் சொல்லச் சொல்ல. கிழக்கே பெரிய தம்பி. தெற்கே வண்டிப்பாதை. மேற்கே ஓடைப் புறம்போக்கு. வடக்கே பக்கத்துக் கொல்லைக்காரர் பெயரைச் சொல்லிவிட்டு, சரிதானா என்று கேட்க, வரப்புக்கு அந்தப் பக்கம் மாடு பிடித்து நின்றவரைக் கூப்பிட்டார். அவர் வந்து குனிந்து நான் எழுதியதைப் பார்த்தார்.

"அது எங்கப்பா பேரு சார். அவரு போயி ஆறு வருசமாவுது. எங்கண்ணன் பேரையும் என் பேரையும் எழுதுங்க."

"பட்டாவில மாத்தினீங்களா?"

"இல்லீங்க."

பட்டாவின் பின்பக்கத்தில் பெயரை அழித்துவிட்டு அவர்கள் இருவர் பெயரையும் எழுதினேன். அக்காள் தங்கைகள் யாராவது உண்டா என்று கேட்டேன். ஒருத்தியை மரக்காணத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம் என்றார். அவள் பெயரைச் சொல்லுங்கள் என்று பென்சிலைத் திரும்பக் கூராக்கினேன்.